மனையும் புழைக்கடையும்

தொண்டைநாட்டு வரலாற்றை எழுதிய அறிஞர்கள் கோட்டங்களையும் நாடுகளையும் கோயில்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். குன்றத்தூர் சேக்கிழாராலும், பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகளாலும், திருமுல்லைவாயில் சுந்தரராலும் புகழ் பெற்றமையை யாவரும் அறிவர். ஆனால் அவ்வூர்களில் ஏர் பிடித்தவன் எத்தகைய வீட்டில் வாழ்ந்தான், அவன் மனைவி எங்கே நெல் குற்றினாள், அவ்வீடு நின்ற மண் யாருக்கு உரியது என்னும் வினாக்களை எழுப்பினோர் சிலரே. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவற்றைச் சூழ்ந்த ஊர்களை நிலைக்களமாகக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். வீட்டின் பின்புறத்தை இப்பகுதியினர் ‘புழக்கடை’ என்பர். புழங்கும் இடம் ஆதலின் புழக்கடை எனப் பொருள் கூறுவாரும் உளர். அது பொருந்துவதன்று. புழை என்பது சிறுவாயில். கடை என்பதும் வாயிலே. புழைக்கடை பின்வாயிலைக் குறித்துப் பின்னர் அதனை அடுத்த நிலத்துக்கு ஆகிவந்தது. சங்க நூற்சொல்லொன்று செம்புலவர் நாவில் வழக்கற்றுப் போக, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பெண்டிர் நாவில் உயிருடன் நின்றது என்க.

இச்சொல் நிலவுரிமை பற்றிய பழைய ஆவணங்களிலும் இடம்பெற்றது. உழுகுடிகள் தம் மனையைச் சார்ந்த புழைக்கடையை வரியின்றிப் பயன்கொள்ளும் வழக்கம் செங்கற்பட்டுப் பகுதியில் இருந்தது. இப்பகுதியின் காணி நூறு குழி கொண்டது. 57,600 சதுர அடி. காணிக்கணக்கில் அடங்கிய வயலின் விளைவு முழுவதும் களத்துமேட்டில் பலர் பங்குக்கு உட்பட்டது. புழைக்கடையின் விளைவோ குடும்பத்துக்கே உரியது. அவரையும் சுரையும் கூரைமேல் படர்ந்தன. முருங்கையும் அகத்தியும் வேலியோரம் நின்றன. எருக்குழியும் வைக்கோற்போரும் அங்கேயே இருந்தன. வயல் பொய்த்த ஆண்டில் குடும்பம் கீரையும் கேழ்வரகுக் கூழும் உண்டு உயிர் தாங்கியது இச்சிறு நிலத்தின் துணையாலேயே.

செங்கற்பட்டுச் சீமை 1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகமதலியால் ஆங்கிலக் கும்பினிக்குச் சாகிராக அளிக்கப்பெற்றது. தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அச்சீமையின் ஏறத்தாழ ஈராயிரம் ஊர்களை அளந்தார். வீடுகளின் எண்ணிக்கை, குடிகளின் தொழில், நஞ்சை, புன்செய், ஏரி, தோப்பு, விளைவு, அதினின்று ஊர்ப்பணியாளர்க்கு வழங்கிய பங்கு ஆகியன அவ்வளவையில் பதிவாயின. 1780-இல் ஐதரலியின் படைகள் இந்நாட்டைப் பாழ்படுத்தின. ஆதலின் அழிவுக்கு முந்திய ஊர்களின் நிலையை அறிய இக்கணக்குகள் பெருந்துணையாவன. தரம்பால் முதலியோர் இவற்றின்பால் ஆராய்ச்சியாளர் கருத்தைத் திருப்பினர்.

எனினும் ஒரு குறை உண்டு. ஊர்க்கணக்கன் களத்தில் நெல் அளக்கும்போது எழுத்தாணி எடுத்தவன். நெல் களத்தை விட்டு வீட்டுக்குள் புகுந்ததும் அவன் கணக்கு முடிந்துவிடுகிறது. குடும்பத்தின் பாதி உழைப்போ அதன் பின்னரே தொடங்குகிறது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்துதல், உரலில் குற்றுதல், முறத்தில் புடைத்தல், தவிட்டை மாட்டுக்கும் நொய்யைக் கஞ்சிக்கும் பிரித்தல், எஞ்சியதைக் குதிரில் காத்தல் ஆகிய அனைத்தும் பெண்டிர் பணி. ஒரு கலம் நெல் பன்னிரண்டு மரக்கால் என்று கணக்கு கூறும். அதனை அரிசியாக்க எத்தனை பகல் கை நொந்தது என்று எந்த ஓலையும் கூறாது. இன்று அவ்வோலைகளைக் கொண்டு அன்றைய செழுமையை வியந்து எழுதுவோர் இதனை மறத்தல் கூடாது.

பருவங்களும் வீட்டின் நடையை வகுத்தன. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்கள் இங்கு வழங்கின. வடகிழக்குப் பருவமழையில் செம்பரம்பாக்கம், புழல், அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகள் நிறைந்தால் சம்பாவுக்குப் பின் நவரையும் கைகூடும். ஏரி வற்றியபின் கிணறே கதி. ஏற்றத்தின் மேல் ஒருவன் முன்னும் பின்னுமாக நடக்க, கீழே மற்றொருவன் சாலைக் கவிழ்க்க, சிறுவன் மடை திருப்ப வேண்டும். மூவரில் ஒருவர் நோயுற்றால் அன்று பாத்திக்குத் தண்ணீர் இல்லை. சிறு குடும்பத்தில் பிள்ளைப்பேறும் திருமணமும் வேளாண்மைச் செய்திகளே ஆகும் என்று கூறின் மிகையன்று.

இதுகாறும் கூறியவை ஊர்நத்தத்தில் மனை பெற்றவர்க்கே பொருந்தும். சேரியில் வாழ்ந்த படியாட்களின் நிலை முற்றிலும் வேறு. நாற்று நட்டவரும் ஏற்றம் மிதித்தவரும் பெரும்பாலும் அவர்களே. அவர்களுக்கும் குடிசையும், குடிசையைச் சுற்றிச் சிறிது மண்ணும் இருந்தன. ஆனால் அம்மண் தமக்குரியது என மிராசுதாரர் வழக்காடினர். மிராசு உரிமையைப் பற்றி எல்லிஸ் துரை 1816-இல் விரிவாக எழுதினார். அவ்வுரிமையின் நிழல் சேரியின் அடுப்படி வரை நீண்டதை அந்நூற்றாண்டின் இறுதியிலேயே அரசு உணர்ந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமன்கீர் 1891-இல் அரசுக்கு அளித்த பறையர் பற்றிய குறிப்பு இதனைத் தெளிவாக்குகின்றது. கூலி குறித்து எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டு வெளியேறுக என்று கூற மிராசுதாரரால் இயன்றது. சுரைக்கொடி படர்ந்த கூரையே விலங்காயிற்று. ஒருவன் மனையை இழத்தற்கு அஞ்சியே குறைந்த கூலிக்கு உடன்பட்டான் எனின், அம்மனையை வீடு என்பதா, பிணை என்பதா? அம்பத்தூரும் பூவிருந்தவல்லியும் அடங்கிய சைதாப்பேட்டை வட்டம் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே.

அக்குறிப்பின் விளைவாக 1892-இல் தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அந்நிலங்களே பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப்பெற்றன. மனைச்சிக்கலோ அதனால் தீரவில்லை. 1920-ஐ ஒட்டித் தோன்றிய தொழிலாளர் துறை சில இடங்களில் மனைகளைக் கையகப்படுத்தி வழங்கியது. பிறர் நிலத்தில் குடியிருந்த உழவுத்தொழிலாளர்க்குக் குடியிருப்பு மனையை உரிமையாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1971-இல்தான் இயற்றப்பெற்றது. திரமன்கீரின் குறிப்புக்கும் இச்சட்டத்துக்கும் இடையே எண்பது ஆண்டுகள் கழிந்தன.

அதற்குள் இப்பகுதியின் முகமே மாறிவிட்டது. ஆவடியில் 1961-இல் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஏற்றம் மிதித்தவர் மக்கள் ஆலைச்சங்கு கேட்டு எழுந்தனர். வயல்கள் மனைப்பிரிவுகளாயின, கிணறுகள் தூர்ந்தன. அடுக்ககங்கள் நெருங்கிய தெருக்களிலும் பத்திரங்களைப் புரட்டிப் பார்ப்போர் ‘கிராம நத்தம்’ என்னும் சொல்லை இன்றும் காண்பர். புழைக்கடை என்னும் சொல் அவற்றில் இல்லை.