வெள்ளிப் படைத்துறைக் கைக்கடிகாரங்களின் தயாரிப்பாளரை அடையாளம் காணல்

வெள்ளிப் படைத்துறைக் கைக்கடிகாரம் என்பது, முதலாம் உலகப் போர்க் காலத்தில் (1914–1918) பிரித்தானியப் படை அலுவலர்கள் அணிந்த, வெள்ளிக் கூடு கொண்ட கைக்கடிகாரத்தைக் குறிக்கும். பதுங்குகுழிகளில் நடைபெற்ற போரில் பெரிதும் பயன்பட்டமையால் இது பதுங்குகுழிக் கடிகாரம் எனவும் அழைக்கப்படுகின்றது. வட்டமான கூடு, தோல்வாரைக் கோப்பதற்காகப் பற்றவைக்கப்பட்ட கம்பி வளையங்கள், எனாமல் முகப்பு, இருளில் ஒளிரும் தடித்த எண்கள் ஆகியன இதன் பொதுவான அடையாளங்கள். இவற்றுட் பெரும்பாலானவற்றின் முகப்பில் தயாரிப்பாளரின் பெயர் காணப்படுவதில்லை. ஆகவே, தயாரிப்பாளரைக் கண்டறிவதற்குக் கூட்டின் உட்புறத்தையும் இயங்குபொறியையும் ஆராய வேண்டியுள்ளது.

பெயர் இல்லாமைக்கான காரணம்

அக்காலத்துப் பிரித்தானியக் கடைக்காரர்கள் தமது பெயரையே முகப்பில் காண விரும்பினர். சுவிட்சர்லாந்துத் தயாரிப்பாளரின் பெயர் அங்கு இடம்பெறுவதை அவர்கள் ஏற்கவில்லை. எனவே கடிகாரங்கள் வெற்று முகப்புடனோ கடைக்காரரின் பெயருடனோ விற்கப்பட்டன. சென்னையின் பி. ஆர் அன்ட் சன்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பழைய கடிகாரங்களும் இவ்வகையினவே. அப்பெயர் விற்றவரைக் காட்டுகின்றது, செய்தவரை அன்று. வெற்று முகப்பில் பிற்காலத்தில் புகழ்பெற்ற பெயரொன்றை அச்சிட்டு விலையை உயர்த்துவதும் உண்டு. ஆகையால் முகப்பில் உள்ள பெயரை மட்டும் நம்பி முடிவுக்கு வருதல் கூடாது.

கூட்டின் முத்திரைகள்

பின்மூடியின் உட்புறத்தில் காணப்படும் முத்திரைகளே முதற் சான்றாகும். 1907 யூன் 1 முதல், பிரித்தானியாவுக்கு இறக்குமதியாகும் வெள்ளி, தங்கக் கடிகாரக் கூடுகள் அந்நாட்டின் உலோகத் தரச்சோதனை அலுவலகம் ஒன்றில் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டியதாயிற்று. அதற்கு முன் வந்த கூடுகளில் சுவிசு முத்திரைகள் மட்டுமே இருப்பது வழக்கம், 0.935 தர வெள்ளிக்கு உரிய மூன்று கரடிகள் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. போவர் போர்க் (1899–1902) காலத்தது என விற்கப்படும் கடிகாரத்தில் பிரித்தானிய இறக்குமதி முத்திரை இருந்தால், குறைந்தது அதன் கூடாவது அக்காலத்தது அன்று எனக் கொள்ளலாம்.

இறக்குமதி முத்திரையில் வழமையாக நான்கு கூறுகள் உள்ளன. முதலாவது நகரக் குறி: இலண்டனுக்குச் சிம்ம இராசியின் அடையாளமும், பர்மிங்காமுக்குச் சமபக்க முக்கோணமும், கிளாசுக்கோவுக்கு எதிரெதிராகத் திரும்பிய இரண்டு 'எஃப்' எழுத்துகளும் உரியன. இரண்டாவது, நீள்வட்டத்துள் பொறிக்கப்பட்ட .925 என்னும் தர எண். மூன்றாவது ஆண்டெழுத்து. பர்மிங்காமில் 1914இல் தொடங்கிய சோதனை ஆண்டுக்குச் சிறிய 'பி' எழுத்தும், அடுத்த ஆண்டுகளுக்கு முறையே 'கியூ', 'ஆர்' எழுத்துகளும் வழங்கின. இலண்டனில் 1916இல் புதிய வரிசை சிறிய 'ஏ' எழுத்துடன் தொடங்கியது. சோதனை ஆண்டு சனவரியில் அல்லாமல் ஆண்டின் நடுவிலேயே மாறியதால், ஒரே எழுத்து இரண்டு நாட்காட்டி ஆண்டுகளுக்குப் பொருந்தும். அதே எழுத்து வேறு நகரத்தில் வேறு ஆண்டைக் குறிக்குமாதலால், நகரக் குறியை முதலில் அறிந்த பின்னரே எழுத்தைப் படிக்க வேண்டும்.

நான்காவது கூறே பெருங்குழப்பத்துக்குக் காரணமாக உள்ளது. இது பொறுப்பாளர் குறி எனப்படும் தலைப்பெழுத்துகளாகும். முத்திரைக்காகக் கூட்டை அனுப்பியவர் யார் என்பதையே இது காட்டும். அவர் கடிகாரம் செய்தவராக இருக்க வேண்டிய தேவையில்லை. பல கடிகாரங்களில் காணப்படும் 'ஜி.எஸ்.' என்பது சார்ச் சுடாக்வெல் என்பவரின் குறி. அவரது நிறுவனம் சரக்குகளை இறக்குமதி செய்து கொடுக்கும் முகவராகவே இயங்கியது. ஒரு கடிகாரத்தையும் செய்யவில்லை. 'டபிள்யூ அன்ட் டி' என்பது 1905இல் இலண்டனில் நிறுவப்பட்ட வில்சுடோர்ஃப் அன்ட் டேவிசு நிறுவனத்தின் குறி. இந்நிறுவனமே பின்னர் ரோலெக்சு ஆகியதால், இக்குறி உள்ள கடிகாரங்கள் மிகுந்த விலை பெறுகின்றன. ஆயினும் அவற்றின் இயங்குபொறிகளைப் பெரும்பாலும் பீல் நகரத்து எக்ளர் தொழிற்சாலை செய்தது.

நகரக் குறியாக நங்கூரமும் அதனுடன் நடக்கும் சிங்கமும் இருப்பின் கூடு பிரித்தானியாவிலேயே செய்யப்பட்டதாகும். நங்கூரம் பர்மிங்காமைக் குறிக்கும். அந்நகரத்து டெனிசன் நிறுவனம் அமெரிக்காவின் வால்தம் இயங்குபொறிகளுக்குக் கூடு செய்து வந்தது. அதன் வெள்ளிக் கூடுகளில் 'ஏ.எல்.டி.' என்னும் எழுத்துகளைக் காணலாம்.

கூடு செய்தவரின் தனிக் குறியும் சில கடிகாரங்களில் உண்டு. செனீவா நகரின் பிரான்சுவா போர்ஜெல் 1891இல் காப்புரிமை பெற்ற, திருகி மூடும் கூட்டில் 'எஃப்.பி.' என்னும் எழுத்துகள் இருக்கும். தூசும் ஈரமும் புகாமையால் படையினர் இதனை விரும்பினர். விற்பனையாளர் பலர் போர்ஜெலைக் கடிகாரத் தயாரிப்பாளர் என்றே விளம்பரப்படுத்துகின்றனர். அவர் கூடு மட்டுமே செய்தவர்.

பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறப்பட்ட எண்கள் பழுது பார்த்தவர்கள் இட்ட குறிப்புகளாகும். அவற்றைத் தொடர் எண்ணாகக் கொள்ளலாகாது.

இயங்குபொறி

உண்மையான விடை பெரும்பாலும் இங்கேயே கிடைக்கின்றது. பெயர் வெளிப்படையாகத் தெரியாவிடினும், முகப்பைக் கழற்றினால் அதன் கீழுள்ள தகட்டில் சிறு வணிகக் குறி இருக்கக்கூடும். லோஞ்சின் நிறுவனத்தின் சிறகுடைய மணற்கடிகாரம் இத்தகைய குறிகளுள் எளிதில் அறியத்தக்கது. குறியே இல்லாதபோது தகடுகளின் வடிவம், முள் திருப்பும் பகுதியிலுள்ள வில்லின் வடிவம் ஆகியவற்றைப் பழைய உதிரிப்பாகப் பட்டியல்களிலுள்ள படங்களுடன் ஒப்பிடுவர். ஃபொந்தேன்மெலோன், ஏ. சில்ட் போன்ற தொழிற்சாலைகள் முற்றுப்பெறாத இயங்குபொறிகளைப் பலருக்கும் விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் செப்பம் செய்து தமது பெயரில் விற்றனர். இத்தகைய கடிகாரங்களில் பொறியின் அடிப்படையைச் செய்தவரைக் கண்டறியலாமேயன்றி, செப்பம் செய்தவரைப் பெரும்பாலும் அறிய இயலாது.

எடுத்துக்காட்டாக, வெற்று முகப்பு, 'ஜி.எஸ்.', சிம்மக் குறி, சிறிய 'ஏ', 'எஃப்.பி.' ஆகியவற்றுடன் கலே நிறுவனத்தின் 'எலெக்டா' குறியுள்ள பொறியைக் கொண்ட கடிகாரம் ஒன்றைக் கருதலாம். பொறி லா சோ-டி-ஃபோன் நகரத்து கலே நிறுவனத்தினுடையது, கூடு போர்ஜெலினுடையது, இறக்குமதி செய்தது சுடாக்வெல், முத்திரை பெற்றது 1916–17இல் இலண்டனில், விற்ற கடை தெரியவில்லை. இவ்வாறு தனித்தனியே எழுதுவதே முறையான விவரணமாகும்.

படைத்துறைத் தொடர்பு

அரசின் உடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறி இக்கடிகாரங்களில் பொதுவாக இருப்பதில்லை. அலுவலர்கள் இவற்றைத் தமது பணத்தில் வாங்கினர். அரசு வழங்கிய கடிகாரங்கள் பெரும்பாலும் நிக்கல் போன்ற மலிவான உலோகக் கூடு கொண்டவை. கடற்படையின் கப்பல்தளக் கடிகாரங்கள் சில இதற்கு விலக்காகும். வெள்ளிக் கைக்கடிகாரத்தில் அம்புக்குறி காணப்பட்டால், அது பின்னர் பொறிக்கப்பட்டதா என ஐயுற இடமுண்டு. பின்மூடியில் பெயரும் படைப்பிரிவும் வெட்டப்பட்டிருப்பின் அது உரிமையாளரைக் காட்டும். அதிலுள்ள ஆண்டு கூட்டின் ஆண்டெழுத்துக்கு முந்தியதாயின் இரண்டிலொன்று பிழையானது.

கவனிக்க வேண்டியவை

ஒளிரும் எண்களில் பூசப்பட்டது ரேடியம் கலந்த பூச்சாகும். பூச்சிலுள்ள துத்தநாக சல்பைடு சிதைவுற்றதனாலேயே ஒளி மங்கியது; ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாதலால் கதிர்வீச்சு இன்றும் உள்ளது. முகப்பைச் சுரண்டுவதோ பூச்சுத் துகளை மூச்சில் இழுப்பதோ தீங்கானது. முகப்பைக் கழற்றும் வேலையைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் விடவேண்டும். வெள்ளியைத் துணியால் மீண்டும் மீண்டும் தேய்த்து மினுக்குவதால், ஏற்கெனவே தேய்ந்த முத்திரைகள் முற்றாக அழிந்துபோகின்றன.