பண்பாட்டுப் பொதுமை

பண்பாட்டுப் பொதுமை என்பது, அறியப்பட்ட எல்லா மனிதச் சமுதாயங்களிலும் காணப்படும் ஒரு கூறு அல்லது வழக்கத்தைக் குறிக்கும் மானிடவியல் கருத்துரு ஆகும். மொழி, திருமணம், உறவுமுறைச் சொற்கள், ஆட்பெயர், இறப்புச் சடங்கு, வாரிசுரிமை என்பன இதற்கு எடுத்துக்காட்டுகள். இவை எங்கும் இருப்பினும், இவற்றின் வடிவம் சமுதாயத்துக்குச் சமுதாயம் வேறுபடுகின்றது. இவ்வேறுபாடு பண்பாட்டுப் பன்மை எனப்படும்.

கோட்பாடுகள்

அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் 1945ல் எழுபதுக்கும் மேற்பட்ட பொதுமைகளைப் பட்டியலிட்டார். டொனால்ட் பிரவுன் 1991ல் இது பற்றித் தனி நூல் வெளியிட்டார். கிளிஃபர்ட் கீர்ட்ஸ் இப்போக்கை மறுத்தார். எல்லாரிடமும் திருமணம் உண்டு என்று மட்டும் கூறுவதனால் மனிதரைப் பற்றி அதிகம் அறிய முடியாது என்பது அவரது வாதமாகும்.

உறவுமுறை

நெருங்கிய உறவினருக்கிடையே மணவிலக்கு இருப்பது ஒரு பொதுமை. ஆனால் நெருங்கிய உறவினர் யார் என்பதைப் பண்பாடே வரையறுக்கின்றது. தமிழரிடையே சிற்றப்பா, பெரியம்மா ஆகியோரின் பிள்ளைகள் உடன்பிறந்தோர் முறையினர். மாமன், அத்தை ஆகியோரின் பிள்ளைகள் பல சமூகங்களில் மணமுறையினர். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் இவ்வமைப்பை ஆராய்ந்து 1953ல் கட்டுரை வெளியிட்டார்.

புதுச்சேரி

பொதுமையும் பன்மையும் சட்டத்தில் எதிர்ப்பட்ட இடமாகப் புதுச்சேரியைக் கொள்ளலாம். இந்தியர்கள் தத்தம் சாதி வழக்கங்களின்படியே நீதி பெறுவர் என 1819ல் பிரெஞ்சு நிர்வாகம் ஆணையிட்டது. இது வழக்கங்களைக் காத்தது. சாதி ஏற்றத்தாழ்வையும் உடன் காத்தது.

செப்டம்பர் 21, 1881 ஆணையின்படி, விரும்பியோர் தம் வழக்குரிமையைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்கலாயினர். இவர்கள் ரெனோன்சான்கள் (துறந்தோர்) எனப்பட்டனர். கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இவர்களுள் மிகுதி. நீதிமன்றத்துக்குக் காலணி அணிந்து சென்றமைக்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிசில் முறையிட்டு வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லப்போர்த் என்னும் குடும்பப் பெயரை ஏற்றார்.

துறந்தோர் அனைவரும் நிலையான குடும்பப் பெயர் ஏற்க வேண்டியிருந்தது. தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபில் அது தலைமுறைதோறும் மாறும். ஆட்பெயர் எங்கும் உண்டு. குடும்பப் பெயர் அவ்வாறன்று. திருமணத்திலும் இது போன்ற வேறுபாடு உண்டு. பிரெஞ்சுச் சட்டம் மாமன் மகளையும் சிற்றப்பன் மகளையும் ஒன்றாகவே கருதி இருவரையும் மணக்க இடமளித்தது. பல தமிழ்ச் சமூகங்கள் ஏற்கும் தாய்மாமன்-அக்காள் மகள் திருமணத்தையோ அது விலக்கியது. சிறப்பு அனுமதியால் மட்டுமே அவ்விலக்கு நீங்கும்.

1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. 1963ல் இந்து திருமணச் சட்டம் இங்கு விரிவாக்கப்பட்டபோது துறந்தோருக்கு விலக்களிக்கப்பட்டது. எல்லாருக்கும் பொதுவானதாகக் கருதப்பட்ட ஒரு சட்டம், இவ்வாறு ஒரு சிறு சமூகத்தின் தனி வழக்காயிற்று.

இவற்றையும் பார்க்கவும்

மானிடவியல்
உறவுமுறை
பண்பாட்டுச் சார்பியம்