ஒரு விற்பனை, இரண்டு துறைமுகங்கள்

மாம்பழக் காலம் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கூழ் ஆலைகளின் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஊர்க்காரர்கள் பெங்களூரா என்று சொல்லும் கிளிமூக்கு மாங்காய்தான் பெரும்பாலும் உள்ளே போகிறது. கூழாகி, டிரம்மில் அடைபட்டு, கன்டெய்னர் ஏறி வெளியே வருகிறது. வளைகுடா நாடுகள் அதற்கு நல்ல சந்தை. சென்னைத் துறைமுகத்தின் முதல் கன்டெய்னர் முனையம் வழியாகப் போகும் பெட்டி என்றால், துபாய் அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் கிரேனில் தொங்கிவிட்டுத்தான் அது கப்பலைத் தொடும்.

அந்த கிரேன் எப்படி துபாய் வசம் போனது? யாரைக் கேட்டுப் போனது?

அந்த முனையத்தை 1983-இல் திறந்து வைத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. பதினெட்டு ஆண்டுகள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகமே அதை நடத்தியது. 1996-இல் மத்திய அரசு பெருந்துறைமுகங்களில் தனியாரை அனுமதிக்கும் நெறிமுறைகளை வகுத்த பின் காற்று திசை மாறியது. 2001-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பி அண்ட் ஓ போர்ட்ஸ் நிறுவனம் முனையத்தை 30 ஆண்டு ஒப்பந்தத்தில் ஏற்றது. வருவாயில் 37.128 சதவீதம் துறைமுகத்துக்கு. நிலம் அரசுடையது, வேலை தனியாருடையது. தாய் நிறுவனமான பி அண்ட் ஓ 1837-இல் தொடங்கிய பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம்; காலனி காலத்தில் தபாலையும் துரைமார்களையும் ஏற்றிவந்த அதே பெயர்.

ஒப்பந்தம் தொடங்கி ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை, அந்த பி அண்ட் ஓ லண்டனில் ஏலத்துக்கு வந்தது. போட்டியில் கடைசி வரை நின்றவர்கள் இருவர். ஒருவர் துபாய் அரசின் டிபி வேர்ல்டு. மற்றவர் சிங்கப்பூரின் பிஎஸ்ஏ. அதன் உரிமையாளரான டெமாசெக் அந்நாட்டு அரசின் முதலீட்டு நிறுவனம். யார் ஜெயித்தாலும் சென்னை முனையம் ஓர் அயல்நாட்டு அரசின் கைக்குத்தான் போயிருக்கும். சுமார் 390 கோடி பவுண்டு விலைக்கு, 2006 பிப்ரவரியில் பங்குதாரர்கள் துபாய்க்குச் சம்மதம் தந்தார்கள். இந்திய அரசு தனியாருக்கென்று திறந்த கதவு வழியாக இன்னோர் அரசு உள்ளே வந்து உட்கார்ந்தது.

அதே விற்பனையில் அமெரிக்காவின் நியூயார்க், நியூஜெர்சி, ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ், மயாமி துறைமுகங்களில் பி அண்ட் ஓ நடத்திவந்த வேலைகளும் அடங்கும். வாஷிங்டனில் ஒரு மத்தியக் குழு ஜனவரியிலேயே பாதுகாப்புச் சோதனை முடித்து அனுமதி தந்துவிட்டது. சங்கதி வெளியே வந்ததும் கொந்தளித்தவர்களில் உள்ளூர் ஆட்சிகளின் குரல் உரக்கக் கேட்டது. பால்டிமோர் மேயர் மார்ட்டின் ஓ'மாலி எதிர்த்தார். மேரிலாந்து ஆளுநர் ராபர்ட் எர்லிக்கும் முறுக்கிக்கொண்டார். (அந்த ஆண்டு நவம்பரில் ஆளுநர் பதவிக்கு இருவருமே நேருக்கு நேர் மோதி, ஓ'மாலி ஜெயித்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.) நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கி குத்தகையையே ரத்து செய்ய வழி உண்டா என்று பார்க்கச் சொன்னார். நியூஜெர்சி ஆளுநர் ஜான் கார்சைன் மத்திய நீதிமன்றப் படியேறினார்.

இந்த ஆரவாரத்தில் கனமான அடி ஒன்றுதான். அதை அடித்தது நியூயார்க் - நியூஜெர்சி துறைமுக ஆணையம். 1921-இல் இரண்டு மாநிலங்கள் செய்துகொண்ட உடன்பாட்டில் பிறந்த அமைப்பு அது. நியூவார்க் துறைமுக நிலத்தையே அது நியூவார்க் நகராட்சியிடமிருந்து 1947 முதல் குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கிறது. 2006 பிப்ரவரி இறுதியில் ஆணையம் வழக்குப் போட்டது. தேசப் பாதுகாப்பு, அரபு நாடு என்ற பேச்சை அது பெரிதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. எங்கள் நிலத்தில் குத்தகைக்கு இருப்பவர் கைமாறும்போது எங்கள் சம்மதம் வாங்கினீர்களா என்று கேட்டது. வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி.

அரசு நிறுவனம் என்பதற்காகத்தான் அமெரிக்க உள்ளாட்சிகள் எதிர்த்தன என்றும் சொல்லிவிட முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம் அந்த நகராட்சியின் ஒரு துறை. அங்கே சீன அரசுக் கப்பல் நிறுவனத்துக்கும், அன்று சிங்கப்பூர் அரசுப் பணம் இருந்த நிறுவனத்துக்கும் முனையங்கள் ஏற்கெனவே குத்தகைக்குப் போயிருந்தன. அப்போதெல்லாம் இந்த அளவுக்குக் கூச்சல் எழவில்லை. 2001 செப்டம்பருக்குப் பிந்தைய அச்சமும் தேர்தல் ஆண்டும் சேர்ந்து செய்த வேலையை மறைப்பதற்கில்லை.

மார்ச் 8 அன்று பிரதிநிதிகள் சபைக் குழு 62-க்கு 2 என்று விற்பனையைத் தடுக்க வாக்களித்தது. அதிபர் ஜார்ஜ் புஷ் வீட்டோ போடுவேன் என்று மிரட்டியிருந்ததும் எடுபடவில்லை. மறுநாளே டிபி வேர்ல்டு பின்வாங்கியது. அமெரிக்க முனையங்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏஐஜி குழுமத்துக்கு விலைபேசப்பட்டன.

சென்னை முனையம் துபாயிடமே தங்கியது.

சென்னை மாநகராட்சியின் கருத்து என்ன என்று தேடுவதில் பயனில்லை. அதன் கருத்தைக் கேட்டாக வேண்டிய கட்டாயம் சட்டத்தில் கிடையாது. பெருந்துறைமுகங்கள் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 27-ஆவது இனம். மற்ற துறைமுகங்கள் பொதுப்பட்டியலில் 31-ஆவது இனம். அதனால்தான் காட்டுப்பள்ளி போன்றவற்றில் தமிழ்நாடு கடல்சார் வாரியத்துக்குக் கை உண்டு. உள்ளாட்சிகளுக்கு வலிமை தந்த 1992-ஆம் ஆண்டுத் திருத்தங்கள் நகரங்களுக்கு 18 பொறுப்புகளையும் ஊராட்சிகளுக்கு 29 பொறுப்புகளையும் பட்டியலிட்டன. இரண்டிலும் சாலை உண்டு, துறைமுகம் இல்லை.

ஆக, முனையத்தின் மீது அதிகாரமில்லாதவர்கள் கையில் சாலை இருந்தது. ஓசூர் சிப்காட்டில் லோடு ஏற்றும் டிரெய்லர் கிருஷ்ணகிரி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர் ஓடி மதுரவாயலுக்கு வந்துவிடும். அங்கிருந்து ஹார்பர் கேட் வரையிலான கடைசித் துண்டுதான் டிரைவரின் பொறுமையைக் குடிக்கும். அதற்காகவே கூவம் ஓரமாகச் சுமார் 19 கிலோமீட்டர் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் ஆற்றின் ஓட்டத்தை மறிக்கின்றன என்று 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. கோர்ட்டு, மறு வரைபடம் என்று பத்தாண்டு ஓடி, 2022 மே மாதம் பிரதமர் மோடி மீண்டும் ஓர் அடிக்கல் நாட்டினார். இம்முறை இரண்டடுக்கு, 5,800 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகம். கூவத்தைப் பற்றிய கவலை நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் துறைமுக நிர்வாகத்தில் பேச வேண்டியதைப் பேசப் போதிய இடமில்லாதபோது, மாநிலத்தின் குரல் பாலத்தின் தூணில் போய் முட்டுகிறது. அந்தப் பத்தாண்டுக்கான டீசலை ஓசூரும் ராணிப்பேட்டையும் சேர்ந்துதான் எரித்தன.

இதற்கிடையே 2009 செப்டம்பரில் சென்னையின் இரண்டாவது கன்டெய்னர் முனையம் திறந்தது. நடத்துபவர், லண்டன் ஏலத்தில் துபாயிடம் தோற்ற அதே பிஎஸ்ஏ. லண்டனில் மோதிய இரண்டு அரசு நிறுவனங்களும் ராயபுரத்துக் கடலில் அக்கம்பக்கத்தில் கடை விரித்தன. முதலாளியின் கொடி எதுவாக இருந்தாலும் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் நின்ற லாரிகளின் வால் திருவொற்றியூர் வரை நீண்ட நாட்கள் உண்டு.

2021-இல் வந்த பெருந்துறைமுக அதிகார அமைப்புகள் சட்டம், கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமையை அந்தந்தத் துறைமுக வாரியத்துக்கே தந்தது. வாரியத்தில் மாநில அரசுக்கு ஒரு நாற்காலி, ரயில்வே, பாதுகாப்பு, சுங்கத் துறைகளுக்கும் உண்டு, தொழிலாளர்களுக்கும் உண்டு. துறைமுகம் இருக்கும் மாநகராட்சிக்கு இல்லை. 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஓசூரோ, அதன் பக்கத்துக் கெலவரப்பள்ளிச் சுற்றுவட்டத்து ஊராட்சிகளோ அந்தப் பேச்சிலேயே வராது. அன்று பி அண்ட் ஓ கையெழுத்திட்ட 30 ஆண்டு ஒப்பந்தம் 2031-இல் முடிகிறது. முனையத்தை அடுத்து யார் நடத்துவது என்ற கோப்பு இந்த வாரியத்தின் மேசைக்குத்தான் வரும்.

(தொடரும்)