வழிப்போக்கன் வாய்விட்டுக் கேட்டது

ஊர் விட்டு ஊர் போகிறவனுக்குத் தங்குமிடத்தார் கொடுத்தாக வேண்டியவை இவை என்று எழுதாத கணக்கு ஒன்று உண்டு. படுக்கை, விளக்கு, குளிக்க நீர், விலைக்குச் சோறு. இக்கணக்கில் அடங்குவதைக் கேட்க நாம் தயங்குவதில்லை. அடங்காத ஒன்றைக் கேட்க நேரும்போதுதான் நாத் தடுமாறுகிறது. பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள் இத்தடுமாற்றத்தை அறியாதார் இரார். கைக்குழந்தைக்கு நள்ளிரவில் பால் காய்ச்ச வேண்டியிருக்கும். காய்ச்சலில் கிடக்கும் முதியவருக்குக் குழைந்த கஞ்சி வேண்டியிருக்கும். விடுதிக்காரர் தம் மொழியில் என்ன நினைப்பாரோ என்று எண்ணி, பாதிப் பேர் கேளாமலே இருந்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாமும் அவ்வாறு ஒரு விடுதியின் முகப்பில் நின்றோம். ஊர் நெய்யாற்றின்கரை. பாறசாலைக்கு அருகில் உறவினர் இல்லத் திருமணத்திற்காகத் தில்லியிலிருந்து வந்திருந்தோம். திருமணத்திற்கு முந்திய நாள் நம் தந்தையாரின் திதி. மணவீட்டில் அதைப் பற்றி வாய் திறப்பது மங்கலமன்று. ஆகவேதான் விடுதியில் இறங்கினோம். நமக்கு வேண்டியவை ஒரு பிடி பச்சரிசிச் சோறு, சிறிது எள், ஒரு வாழையிலை, மொட்டைமாடிக் கதவின் சாவி, அவ்வளவே. காக்கைக்குச் சோறு வைக்க வேண்டும். முகப்பில் அமர்ந்திருந்தவர் கணக்கு எழுதும் இளைஞர். அவரிடம் கேட்க நா எழவில்லை. வாளியில் நீர் கொண்டுவந்த முதிய பணியாளரிடம்தான் கேட்டோம். அவர் செய்ததைப் பின்னர்ச் சொல்வோம். அன்றிரவு உறக்கம் வாராமல் கிடந்தபோது, இச்சாலையில் நமக்கு முன்னர் நடந்தவர்கள் யாரிடம் எதைக் கேட்டார்கள், கேட்டவர்களுக்கு எது கிடைத்தது என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தது. இவ்வுரை அந்த இரவின் எச்சம்.

பத்மநாபபுரத்திலிருந்து குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் இச்சாலை பழைய அரசபாட்டை. வேணாட்டு மன்னரும், உப்பு வணிகரும், தலைச்சுமைக் கூலிகளும், கோயில் யாத்திரிகரும் நடந்த வழி. இன்றைக்குக் களியக்காவிளையோடு தமிழகம் முடிந்து கேரளம் தொடங்குகிறது. மரங்களும் மண்ணும் வீட்டுக் கூரைகளும் அந்த எல்லையை அறிந்தனவாகத் தோன்றவில்லை.

தங்குமிடத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதற்கு இப்பகுதியில் கிடைக்கும் மிகப் பழைய சான்று ஒரு செப்பேடு. விளவங்கோட்டுப் பகுதியில், முஞ்சிறைக்கு அருகே, பார்த்திவசேகரபுரம் என்ற ஊர் உண்டு. கி.பி. 866-ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் அங்கே விண்ணகரம் ஒன்றை எடுத்து, காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு 95 மாணாக்கர் உண்டு உறைந்து கற்பதற்கு ஒரு சாலையும் அமைத்தான். பவிழிய சரணத்தார் 45 பேர், தைத்திரியர் 36 பேர், தலவகாரர் 14 பேர் என்று இடங்கள் பகுக்கப்பட்டன. சட்டர் எனப்பட்ட அம்மாணாக்கருக்கு விதித்த ஒழுங்குகள் அச்செப்பேட்டில் உள்ளன. ஆயுதத்தோடு அவைக்கு வருதல் ஆகாது; வைது பூசலிட்டால் தண்டம்; மடத்தில் வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, வைத்துக்கொள்ளுதல் ஆகாது. யாரும் கேளாத ஒன்றை எவரும் விலக்கி எழுதுவதில்லை. அந்த இளைஞர்களுள் சிலராவது கேட்டிருக்க வேண்டும். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய மடத்துக் காரியக்காரர் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் காட்சி நம் கண்முன் எழுகிறது.

விருந்தினரின் தனி விருப்பத்தை முகங்கோணாமல் ஏற்ற இல்லங்களும் நம் மரபில் உண்டு. மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியையும் கோவலனையும் ஏற்ற ஆயர்மகள் மாதரியின் இல்லம் அத்தகையது. வந்தவர் நோன்புடையோர், பிறர் சமைத்ததை உண்ணார். ஆகவே புதுக்கலங்களும் காயும் அரிசியும் கொடுத்து, கண்ணகி தன் கையாலேயே சமைக்க விட்டார்கள். ஏன் எங்கள் சோறு ஆகாதோ என்று ஆயர் சேரியில் எவரும் கேட்டதாக இளங்கோவடிகள் சொல்லவில்லை.

நெய்யாற்றின்கரைக்கு வருவோம். கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் உளுத்துப் பொந்தான பலாமரத்தின் அடிமரம் ஒன்று பேணப்பட்டு வருகிறது. அம்மச்சிப் பிலாவு என்பது அதன் பெயர். பின்னாளில் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர், இளவரசராயிருந்தபோது எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்த, அம்மரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது அவ்வூர் வழக்கு. வழிகாட்டியவன் மாடு மேய்க்கும் ஒரு சிறுவன். அவன் கண்ணனே என்று நம்பி அரசர் அங்கே கோயில் கட்டுவித்தார் என்பர். செவிவழிக் கதையில் எவ்வளவு வரலாறு என்பதை இங்கு ஆராய வேண்டா. 1729 முதல் 1758 வரை நாடாண்ட ஒருவர், அரசராகுமுன் குடிமக்களிடம் கேட்ட உதவி ‘என்னைக் காட்டிக்கொடாதே’ என்பதாயிருந்தது என்று மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்களே, அதுவே கவனிக்கத் தக்கது. சி.வி. இராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மலையாளப் புதினம் மார்த்தாண்டவர்மரின் அக்காலத்தையே களமாகக் கொண்டது.

அரச நிலை உறுதிப்பட்ட பின்னர் இச்சாலையோரம் அறங்கள் பெருகின. வழியம்பலங்கள் எழுந்தன. நான்கு தூணும் ஒரு கூரையும் உள்ளவை. காவல் இல்லை, கட்டணம் இல்லை. கோடையில் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் நீரும் ஊற்றினார்கள். சுமைதாங்கிக் கற்கள் நின்றன. சுமைதாங்கியைப் பற்றி ஒரு சொல். தலைச்சுமைக்காரன் தனியே நடக்கும்போது சுமையை இறக்கவும் பிறர் கை வேண்டும். திரும்ப ஏற்றவும் பிறர் கை வேண்டும். ஆளில்லாப் பாதையில் அவன் யாரிடம் கேட்பான்? தோளுயரத்தில் இரு கற்களின் மேல் கிடக்கும் ஒரு பாளக்கல், அவன் கேளாமலே அந்தக் கையை நீட்டுகிறது. சூல்கொண்ட நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இக்கற்களை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கிவைக்க இயலாமற்போன சுமைக்காக நட்ட கல்லில், முன்பின் அறியாத ஒருவன் தன் சுமையை இறக்கிவைக்கிறான்.

இவற்றினும் பெரிய அறம் ஊட்டுப்புரை. பத்மநாபபுரம் அரண்மனையில் இரண்டு அடுக்காக நீண்டு கிடக்கும் ஊட்டுப்புரையைக் கண்டவர் வியவாதிரார்; ஒரே வேளையில் 2,000 பேர் அமர்ந்து உண்ணலாம் என்பர். சமஸ்தானமெங்கும் இத்தகைய சோற்றுச் சாலைகள் அரசின் செலவில் நடந்தன. ஆறாண்டுகளுக்கு ஒருமுறை திருவனந்தபுரத்தில் நிகழும் முறைஜபத்திற்குச் சென்ற அந்தணர்கள் வழிநெடுக உண்டு சென்றார்கள். திருவிதாங்கூருக்குத் தர்மபூமி என்ற பெயர் வழங்கியதும் இவற்றாலேயே. சாமுவேல் மேட்டீர் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1871-இல் எழுதிய நூலுக்கு அப்பெயரின் ஆங்கில வடிவத்தையே தலைப்பாக்கினார்.

ஆனால் இந்த அறத்தின் வாயில் அகலமானதன்று. ஊட்டுப்புரைச் சோறு அந்தணருக்கு உரியதாயிருந்தது. அதே சாலையின் ஓரத்தில் வயலுழுது நெல் விளைத்தவர் அதன் வாசலில் நின்று ஒன்றும் கேட்க இயலாது. சாலையில் நடப்பதே பலருக்கு விலக்கு. இன்னின்ன சாதியார் இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கிருந்த நாடு அது. வழியம்பலத்தின் நிழல் எல்லார்க்கும் பொது என்று நாம் எண்ணிக்கொள்வது பிற்கால எண்ணம். கேட்பது என்பதே அன்று ஓர் உரிமை. அது பிறப்பால் சிலருக்கு இருந்தது, பலருக்கு இல்லை. பழம்பெருமை பேசும் உரைகள் பலவற்றில் இப்பகுதி விடுபட்டுப் போவதை நாம் கண்டிருக்கிறோம். நாம் அதனை விடப்போவதில்லை.

இந்நிலையில் 1892-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழர் வீட்டு வாயிலில் இருவர் வந்து நின்றார்கள். வீட்டுக்குரியவர் பேராசிரியர் சுந்தரராம ஐயர். வந்தவருள் ஒருவர், அதுவரை உலகம் அறியாத துறவி விவேகானந்தர். மற்றவர், எர்ணாகுளத்திலிருந்து அவருக்கு வழித்துணையாக அனுப்பப்பட்ட கொச்சி அரசாங்கச் சேவகர், இசுலாமியர். துறவியின் உடையைக் கண்டு, அவரையும் இசுலாமியர் என்றே எண்ணிய வீட்டுச் சிறுவன், தந்தையிடம் அவ்வாறே அறிவித்தானாம். உள்ளே அழைக்கப்பட்டதும் துறவி முதன்முதலில் கேட்டது, தம்முடன் வந்தவருக்கு உணவு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே. அவரோ இரண்டு நாளாகச் சிறிது பாலன்றி வேறொன்றும் உட்கொண்டிருக்கவில்லை. சேவகர் உண்டு விடைபெற்ற பின்னரே தம் பசியை நினைத்தார். இதனைச் சுந்தரராம ஐயரே பின்னர் எழுதிவைத்தார். வைதிக வீட்டின் நடையில் நின்று முதல் வேண்டுகோளாக இதைக் கேட்பது அன்று எளிதன்று. அதை மறுக்காது செய்ததும் சிறிதன்று. ஒன்பது நாள் அங்கே தங்கிய பின்னர் அவர் குமரிமுனையை நோக்கிப் புறப்பட்டார்.

கேட்டுப் பெறுவதற்குக் காத்திராதவரும் இருந்தனர். 1888-இல் நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் நாராயண குரு சிவனைப் பிரதிட்டை செய்து, சாதிப் பிரிவும் மதப் பகையும் இன்றி எல்லோரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் என்று அதனைக் குறித்தார். 1893-இல், இதே தாலுகாவைச் சேர்ந்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, தம் இனத்தாருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி பூட்டி ஓட்டினார். அவர் எவரிடமும் வழி கேட்கவில்லை. 1924-இல் வைக்கம் தெருக்களுக்காக நடந்த சத்தியாக்கிரகத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஈ.வெ. இராமசாமி சிறை புகுந்ததை நேயர்கள் அறிவர். 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவுகள் அனைத்து இந்துக்களுக்கும் திறந்தன.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடைகளையும் பொது உணவகங்களையும் விடுதிகளையும் பெயர்சொல்லிக் குறிக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய காரணங்களால் எவரையும் அங்கே தடுக்கலாகாது. அரசாங்க ஏடுகளை மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் நமக்கு இவ்வரிசையின் கடைசிச் சொல்லின்மேல் தனிப்பற்று உண்டு. பிறந்த இடத்தை விட்டு வந்தவர்களல்லவா நாம்!

1956 நவம்பர் முதல் நாள் இச்சாலையின் நடுவே மாநில எல்லை விழுந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கேட்டவற்றுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. அதற்கு முன்னர், 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயிருந்தன. அந்த நாளை அறிந்த குடும்பங்கள் எல்லையின் இருபுறத்திலும் உள்ளன. எனினும் நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், குமாரகோயில் முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இவ்வழியே திருவனந்தபுரம் எழுந்தருளுகிறார்கள். களியக்காவிளையில் கேரள அரசின் மரியாதை. இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் தங்கல். தெய்வங்களுக்கும் இச்சாலையில் விடுதி வேண்டியிருக்கிறது.

மொழி மட்டும் எல்லையைச் சட்டை செய்யவில்லை. விளவங்கோட்டுத் தமிழர் குடிநீரை ‘வெள்ளம்’ என்பார்; நமக்கோ வெள்ளம் என்றால் ஆறு கரைபுரள வேண்டும். மரவள்ளி அங்கே மரச்சீனி, பதநீர் அக்கானி. இவ்வூர் விடுதியில் ‘வெள்ளம் வேண்டுமா?’ என்று கேட்கும்போது அதில் எவ்வளவு தமிழ், எவ்வளவு மலையாளம் என்று பிரிப்பது மொழிபெயர்ப்பாளனுக்கும் ஆகாத காரியம்.

அந்த முதியவர் நாம் கேட்டதைத் தலையசைத்துக் கேட்டார். “அதுக்கென்ன சாரே, அப்பன் காரியமல்லவா?” என்றார். வேறொன்றும் வினவவில்லை. விடியுமுன் கதவைத் தட்டினார். தம் வீட்டிலிருந்தே சோறு வடித்து இலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தார், எள்ளும் இருந்தது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இலை விரித்துச் சோற்றை வைத்தோம். நாம் அறிந்த முறையில் ‘கா, கா’ என்று அழைத்தோம். தென்னைகளில் ஒரு காக்கையும் அசையவில்லை. மறுபடியும் அழைத்தோம். பின்னால் நின்றவர் சற்றுப் பொறுத்துப் பார்த்தார்.

“விளிச்சால் வராது அண்ணாச்சி, கை கொட்டணும்,” என்றார். அதுவரை சாராயிருந்த நாம் அண்ணாச்சி ஆகிவிட்டதை அப்பொழுதுதான் கவனித்தோம். வாளி நீரில் தம் கைகளை நனைத்து, ஈரக் கையோடு மூன்று முறை ஓங்கித் தட்டினார். பலியிட்டபின் அந்நாட்டார் காக்கையை அழைப்பது அப்படித்தான். நாமும் கையை நனைத்துக்கொண்டோம். இருவருமாகத் தட்டியபோது, நெய்யாற்றின் பக்கமிருந்து ஒன்று வந்து அமர்ந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு.