ஆள் வந்த ஊர், ஆலை போன ஊர்: லண்டனும் பெர்லினும்

1980களின் முற்பாதியில் ஊரை விட்டுக் கிளம்பிய ஈழத் தமிழருக்கு மேற்கு பெர்லினுக்குள் நுழைய ஒரு விசித்திரமான வழி இருந்தது. விமானம் கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்டில் இறங்கும். அங்கிருந்து ரயிலில் ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸே நிலையம். கிழக்குக் காவலர் கடவுச்சீட்டைப் பார்த்து அனுப்பிவிட்டால் போதும், அதே நிலையத்தின் இன்னொரு நடைமேடையில் மேற்கு பெர்லின் ரயில் நிற்கும். மேற்குப் பக்கம் சோதனை கிடையாது. சோதித்தால் அதை நாட்டெல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என மேற்கு ஜெர்மனி தயங்கியது. 1985இல் தமிழருக்கு அந்த வழி அடைபட்டது. அதே ஆண்டில்தான் பிரிட்டனும் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது.

அவர்கள் போய்ச் சேர்ந்த லண்டன், பெர்லின் இரண்டு நகரங்களுமே அப்போது இளைத்துக் கிடந்தவை. 1939இல் 86 லட்சம் பேர் வாழ்ந்த லண்டனில் 1980களில் 68 லட்சம் பேர்கூட இல்லை. போருக்கு முன் 43 லட்சம் பேர் இருந்த பெர்லினோ சுவரால் இரண்டாகப் பிளந்திருந்தது. லண்டன் 2015இல் பழைய உச்சத்தைத் தாண்டி, 2021 கணக்கெடுப்பில் 88 லட்சத்தை எட்டியது. அவர்களில் பத்துக்கு நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பெர்லின் இன்னும் 40 லட்சத்தைத் தொடவில்லை.

லண்டனில் வேலை முதலில் மாறியது, ஆள் பின்னால் வந்தது. கொள்கலன் கப்பல்கள் பெருத்து, தேம்ஸின் கீழ்முனையில் உள்ள டில்பரியோடு நின்றுவிட்டன. நகருக்குள் இருந்த துறைகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியாக 1981இல் ராயல் டாக்ஸ். 1986 அக்டோபர் 27 அன்று பங்குச்சந்தையின் பழைய விதிகள் தளர்ந்தன. ஐந்தே ஆண்டில், நிதி நிறுவனங்களுக்காக, வெஸ்ட் இந்தியா துறை இருந்த இடத்தில் 50 மாடிக் கோபுரம் எழுந்தது. மூட்டை தூக்கியவர்களுக்கு அங்கே நாற்காலி கிடைக்கவில்லை. டாகனம் ஃபோர்டு ஆலையும் 2002இல் கார் பூட்டுவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் கோபுரங்களைத் துடைக்கவும், காவல் காக்கவும், சமைக்கவும், ஆஸ்பத்திரியில் இரவு விழிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. வந்தவர்கள் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் குடியேறினார்கள். முருங்கைக்காயும் வாழைப்பூவும் விற்கும் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில், கண்ணாடியில் ஒட்டிய அட்டைகளைப் படித்தால் ஊரின் பொருளாதாரமே தெரியும். அவற்றில் வீட்டு விளம்பரம் அபூர்வம். வாடகைக்கு விடுவது அறை. சில சமயம் அறையில் பாதி. அந்தத் தெரு இருக்கும் நியூஹாம் வட்டாரத்தில் ஐந்தில் ஒரு குடும்பத்துக்குப் போதிய படுக்கையறை இல்லை என்கிறது 2021 கணக்கெடுப்பு.

பெர்லினில் கதை தலைகீழ். 1961 ஆகஸ்டில் சுவர் எழுந்ததும், கிழக்கிலிருந்து தினமும் வந்துபோன தொழிலாளர்கள் மேற்குப் பகுதி ஆலைகளுக்கு இல்லாமல் போனார்கள். அக்டோபரில் துருக்கியோடு ஆளெடுக்கும் ஒப்பந்தம் ஆனது. ரேடியோவும் மின்கருவிகளும் பூட்டும் வேலைக்குப் பெண்கள் பலர் தனியாகவே வந்தார்கள். இடிக்கப்போவதாக ஒதுக்கிவைத்த, சுவரோரக் கிரோய்ஸ்பெர்க்கின் பழைய குடியிருப்புகளில் அவர்கள் குடும்பங்கள் வேரூன்றின. 1989இல் சுவர் விழுந்தபோது ஊரே கொண்டாடியது. அந்தக் குடும்பங்களுக்கு அதுவே இடியாக வந்தது. மேற்கு பெர்லினில் ஆலை நடத்துவதற்காகத் தந்த மானியம் நின்றது, ஆலைகள் கிளம்பின. ஐக்கிய பெர்லினின் ஆலை வேலைகளில் பாதிக்கு மேல் சில ஆண்டுகளில் காணாமல் போயின. வேலைக்கென்று அழைத்த ஊரில் வேலை போய், வந்தவர்கள் தங்கினார்கள். மத்திய அரசு 1999இல் பழைய தலைநகர் பானிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தும் பெரிய மாற்றம் இல்லை. வீடுகள் காலியாகக் கிடந்தன, வாடகை மலிவு. அந்த மலிவைத் தேடிக் கலைஞர்கள் வந்தார்கள், பின்னால் கணினி நிறுவனங்கள், 2015இல் சிரியாவிலிருந்து அகதிகள், 2022இல் உக்ரைனியர். கூட்டம் கூடக் கூட மலிவு போனது.

வாடகை ஏறுவதற்கு வந்தவர்கள்தான் காரணம் என்ற பேச்சு இரண்டு ஊரிலும் கேட்கிறது. அதை நான் ஏற்கவில்லை. பொது வீடுகள் விற்கப்பட்ட கதையைப் பாருங்கள். லண்டனில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சி வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே சலுகை விலையில் விற்க வழிசெய்தது. சொந்த வீடு பார்த்த ஏழைக் குடும்பங்கள் நிறைய. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விற்ற பணத்தில் புதிய வீடு கட்ட நகராட்சிகளுக்குக் கை கட்டப்பட்டிருந்தது. விற்ற வீடுகளில் பல இன்று தனியார் வாடகைக்குத்தான் விடப்படுகின்றன.

பெர்லினின் கணக்கு இன்னும் வலிக்கிறது. கடனில் மூழ்கியிருந்த நகரம் 2004இல் தன் ஜிஎஸ்டபிள்யூ வீட்டு நிறுவனத்தை, சுமார் 65,000 வீடுகளோடு, 40.5 கோடி யூரோவுக்கு முதலீட்டு நிதிகளிடம் விற்றது. நிறுவனத்தின் கடனும் கைமாறியது என்றாலும், கைக்கு வந்த பணம் வீட்டுக்கு 6,200 யூரோதான். 2021இல் அதே நகரம் தனியாரிடமிருந்து சுமார் 14,700 வீடுகளை வாங்கியது. விலை 246 கோடி யூரோ, வீட்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எல்லாம் விற்ற அதே வீடுகள் அல்ல. ஆனாலும் இடைப்பட்ட 17 ஆண்டுகளில் ஊருக்கு மதிப்பேற்றியவர்கள் அங்கே வந்து உழைத்தவர்கள். அந்த மதிப்பைப் பணமாக எண்ணி எடுத்தவர்கள் வேறு.

பெர்லின் எதிர்த்தாவது பார்த்தது. 2020இல் கொண்டுவந்த வாடகை உச்சவரம்பை, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ரத்து செய்தது. ஐந்து மாதம் கழித்து, பெரும் வீட்டு நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்கலாமா என்று கேட்ட வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஆம் என்றார்கள். ஜெர்மன் குடியுரிமை பெறாத துருக்கியருக்கு அதில் ஓட்டு இல்லை. லண்டனில் அப்படியொரு கேள்வி வாக்குச்சீட்டுக்கே வரவில்லை; வாடகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அதன் மேயர் கேட்டும் மத்திய அரசு தரவில்லை. ஈஸ்ட் ஹாம் கடைக் கண்ணாடியில் அட்டைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.