மெட்டும் உடைமையும்: பாடலாக்குநரின் அச்சம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தாம் புதிதாக ஆக்கியதென நம்பும் மெட்டு, எங்கோ எப்போதோ கேட்டு மறந்துபோன பிறரது மெட்டாக இருந்துவிடுமோ என்ற அச்சம் இன்று மேலைநாட்டுப் பாடலாக்குநரிடையே பரவலாகக் காணப்படுவதாகும். இதனைக் கலைஞனின் உளப்பாங்கு சார்ந்த ஒரு பலவீனமாகவும் படைப்புத் தொழிலின் இயல்பான வேதனையாகவும் கருதிவிடுவதே பெரும்பான்மை. ஆனால் அச்சங்களுக்கும் வரலாறு உண்டு. பிறர் மெட்டைப் பயன்படுத்துவது குற்றமென எண்ணப்படாத சமூகத்தில், அறியாது பயன்படுத்திவிடுவோமோ என்ற கவலைக்கு இடமிருந்திருக்க முடியாது. ஆகவே இவ்வச்சம் எப்பொழுது, எத்தகைய உறவுகளினடியாகத் தோன்றியது என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினாவாகும்.

பீற்றில்ஸ் குழுவினரான போல் மக்கார்ட்னியின் அனுபவம் இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. 1965இல் வெளிவந்த 'யெஸ்ரடே' என்னும் பாடலின் மெட்டு உறக்கத்தினின்றும் விழித்தெழுந்தபோதே தம் உள்ளத்தில் முழுமையாக இருந்ததாக அவர் கூறியுள்ளார். மகிழ்ச்சியை விட ஐயமே மேலோங்கியது. பல வாரங்களாக, சந்தித்தவர்களிடமெல்லாம் அம்மெட்டை வாசித்துக்காட்டி, முன்னர் கேட்டதுண்டா என வினவினார். இச்செயலை, கண்டெடுத்த பொருளொன்றைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, உரியவர் எவரும் வாராவிடின் தாமே வைத்துக்கொள்ளக் காத்திருப்பதற்கு அவர் பின்னர் ஒப்பிட்டார். உவமை தற்செயலானதன்று. கனவில் வந்த இசையும் உடைமைப் பொருளாகவே அவருக்குத் தோன்றியது.

உடைமையுணர்வு இவ்வாறு இசையுள் நுழையாத காலத்தும் இடத்தும் நிலைமை வேறாயிருந்தது. ஹாண்டெல் தமது ஆக்கங்களிற் பிறரது இசைப்பகுதிகளைத் தாராளமாக எடுத்தாண்டவர். நமது மரபிலும், பாடலின் தலைப்பின்கீழ் இன்ன பாட்டின் வர்ணமெட்டு எனக் குறிப்பிடுவது பெருவழக்கு. பாரதி தம் அரசியற் பாடல்கள் சிலவற்றை, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் மெட்டுக்களில் அமைத்தமை யாவரும் அறிந்ததே. பண்ணையடிமையை அதட்டும் வேதியரின் குரலுக்குரிய மெட்டிலே சுதேசியை அதட்டும் அந்நிய ஆட்சியாளனின் குரல் ஒலிக்கிறது. கேட்போர் மூலத்தை இனங்கண்டாலன்றி இப்பாடலின் கூர்மை புலப்படாது. ஏறத்தாழ அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஜோ ஹில் என்ற தொழிலாளர் கவிஞர் கிறித்தவக் கீதங்களின் மெட்டுக்களில் வேலைநிறுத்தப் பாடல்களை இயற்றினார்; அவையும் எல்லோரும் அறிந்த மெட்டுக்களாதலின் ஒருமுறை கேட்டதும் கூட்டம் உடன்பாட முடிந்தது. இத்தகைய ஆக்கங்களில் மெட்டின் பழமை ஒரு குறையன்று, அதுவே அவற்றின் பலம்.

மெட்டு தனியுடைமையானமை படிப்படியாக நிகழ்ந்தது. இங்கிலாந்தின் 1710ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நூல்களை மனங்கொண்டு இயற்றப்பட்டது. இசைத்தாள்களும் அச்சட்டத்தின் பாற்படும் எழுத்துக்களே என்பது 1777இல், செபஸ்தியான் பாக்கின் இளைய மைந்தரான யோகான் கிறித்தியான் பாக் தொடுத்த வழக்கில் மான்ஸ்பீல்ட் பிரபுவின் தீர்ப்பினால் நிலைநாட்டப்பட்டது. ஆயினும் அங்கு காக்கப்பட்டது தாளில் அச்சிடப்பட்ட வடிவமே. 1835இல் நிகழ்ந்த மற்றொரு வழக்கே நமக்கு முக்கியமானது. ஓபேர் என்ற பிரெஞ்சு இசையாளரின் இசைநாடக மெட்டுக்கள் நடன இசையாக மாற்றி வெளியிடப்பட்டன. நோக்கமும் வாத்தியமும் மாறினும் மெட்டு மாறவில்லை, அதனைச் செவியே உணர்த்தும் என நீதிமன்று கூறியது. இதனால் உடைமை தாளிலிருந்து ஒலிக்குப் பெயர்ந்தது. தாளைப் பார்த்து எழுதுபவன் தான் செய்வதை அறிவான். செவிவழி வந்ததை நினைவிற் கொண்டிருப்பவன் அறிவானென்பதற்கு உறுதியில்லை. அச்சத்திற்கான வாயில் இங்குதான் திறந்தது எனலாம்.

அவ்வாயிலினூடே சட்டம் முழுமையாக நுழைந்தது நியூயோர்க்கில், பாடல் ஒரு தொழிற்சாலைப் பண்டமாகிவிட்ட காலத்தில். ஜெரோம் கேர்ன் 1921இல் ஆக்கிய 'கலூவா' என்ற பாடலின் கீழே திரும்பத் திரும்ப ஒலிக்கும் எட்டுச் சுரத் தொடர், சில ஆண்டுகளின் முன் நாடெங்கும் பாடப்பட்ட 'டார்டனெல்லா'வில் உள்ளதென வழக்குத் தொடரப்பட்டது. 1924இல் தீர்ப்பளித்த லேர்னட் ஹாண்ட், கேர்ன் வேண்டுமென்று திருடினாரென நம்பவில்லை. நினைவு அவரை ஏமாற்றியிருக்கலாம் என்றார். ஆனால் அறியாமை உரிமைமீறலுக்கு விடையாகாது என்றும் கூறினார். விதிக்கப்பட்ட நட்டஈடு சட்டத்தின் மிகக்குறைந்த தொகையான 250 டொலர். தொகை அற்பம், தத்துவமோ பாரதூரமானது. இங்கிலாந்தின் மேன்முறையீட்டு மன்றும் 1963இல், குறித்த வழக்கில் அது நிரூபிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தபோதிலும், அடிமனவழிப் பிரதிபண்ணல் நிகழக்கூடியதே என ஏற்றுக்கொண்டது.

இக்கட்டத்தில் நினைவு எவ்வாறு உருவாகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். நாட்டார் பாடகன் கேட்ட மெட்டுக்கள் அவனது சமூகத்தின் தொழிலோடும் சடங்கோடும் பிணைந்து அவனை வந்தடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் நகரவாசியை மெட்டுக்கள் வந்தடையும் வழி வேறு. ஒரே பாடலை ஓயாது ஒலிக்கச் செய்து செவியிற் பதியவைப்பது வானொலி, இசைத்தட்டு நிறுவனங்களின் வியாபார முறையே என்பதை அடோர்னோ 1941இல் வெகுசன இசை பற்றிய தமது கட்டுரையில் விளக்கினார். வெகுசன இசை முழுவதையும் ஒரே தட்டில் வைத்து நிராகரித்த அவரது போக்கு நமக்கு உடன்பாடன்று. உழைக்கும் மக்களின் இசையுணர்வை அவர் குறைத்தே மதிப்பிட்டார். எனினும் இவ்வவதானம் செம்மையானது. அமெரிக்க வானொலி அறிவிப்பாளருக்கு இசைத்தட்டு நிறுவனங்கள் இரகசியமாகப் பணம் கொடுத்துப் பாடல்களை ஒலிக்கச் செய்தமை 1959-60இல் நடந்த விசாரணைகளில் அம்பலமாயிற்று. மறக்கவொண்ணாதபடி மெட்டை மூளையிற் பதிப்பதற்குக் காசு செலவிடும் அதே தொழில், அம்மெட்டு எவரேனும் ஒருவரது விரல்வழியே மீண்டும் வெளிவரின் நட்டஈடு கோருகின்றது. பாடலாக்குநரின் அச்சத்தின் ஊற்று இம்முரண்பாடே என்பது எமது கருத்து.

இம்முரண்பாடு முழுவுருவில் வெளிப்பட்டது ஜோர்ஜ் ஹரிசனின் வழக்கிலாகும். 1970இல் வெளியான அவரது 'மை ஸ்வீட் லோர்ட்', 1963இல் சிபன்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு பாடிய 'ஹீஸ் சோ பைன்' என்ற பாடலை ஒத்திருக்கிறதென 1971இல் வழக்குத் தாக்கலாயிற்று. பின்னைய பாடலை ஆக்கியவர் ரொனால்ட் மக். அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. பிரித்தானியாவிலும் முதல் முப்பதினுள் இடம்பெற்றது. பீற்றில்ஸ் புகழ் பரவிய அதே ஆண்டு அது. ஹரிசன் அதனைக் கேட்டிருந்ததை மறுக்கவில்லை. தமது பாடலுக்கு உந்துதல், 1969இல் பிரபலமான 'ஓ ஹப்பி டே' என்ற, பழைய கீதமொன்றின் வழிவந்த பாடலே என்றார். யாருக்கும் சொந்தமற்ற மரபிலிருந்து எடுப்பதாக எண்ணியவர் ஒரு கம்பெனியின் சொத்தில் கைவைத்துவிட்டார்.

வழக்கு 1976இல் விசாரிக்கப்பட்டது. நீதிபதி ரிச்சட் ஓவன் தாமே இசைநாடகங்கள் ஆக்கியவர். சாட்சிக்கூண்டில் ஹரிசன் கிற்றார் வாசித்துக் காட்டினார். சர்ச்சைக்குரிய தொடர்கள் இரண்டு: ஒன்று ப-க-ரி, மற்றையது ப-த-ஸ-த-ஸ. இவ்விரண்டிலும் வரும் சுரங்கள் நாம் மோகனம் என வழங்கும் இராகத்தின் ஐந்து சுரங்களே. உலகின் பல பாகங்களிலும் நாட்டார் இசையில் இவ்வைஞ்சுர அமைப்பு காணப்படுவதை இசையாய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். தனித்தனியே நோக்கின் இவை சாதாரணமானவை என்பதை நீதிமன்றும் ஏற்றது. ஆனால் ஒவ்வொன்றும் மீள மீள வந்து அடுத்தடுத்து அமையும் முறையும், ஓரிடத்தில் வந்துவிழும் ஓர் அணிச்சுரமும் தனித்துவமானவை எனக் கொண்டது. ஹரிசன் வேண்டுமென்றே செய்தாரென நீதிபதி கருதவில்லை. நனவுமனம் நினைவுகூராத பாடலொன்றில் இச்சேர்க்கை முன்பே வெற்றிபெற்றிருந்ததை அடிமனம் அறிந்திருந்தது என்பது அவர் முடிபு. கரவற்றவன் என ஏற்றுக்கொண்டே பொறுப்பாளி எனக் காணப்பட்டார்.

பின்நிகழ்ந்தவை இலக்கிய மாணவரை விடப் பொருளியல் மாணவருக்கே சுவையூட்டக்கூடும். பாடல் ஈட்டிய வருமானத்தில் 2,133,316 டொலரைக் கணக்கிற்கொண்டு, அதன் முக்காற் பங்கு மெட்டினாலும் எஞ்சியது சொற்களாலும் ஹரிசனின் பெயராலும் வந்ததென மதிப்பிட்டு, 1,599,987 டொலர் என நீதிமன்று 1981இல் நிர்ணயித்தது. ஒரு பாடலின் எப்பகுதி கேட்போரை ஈர்த்தது என்ற அழகியல் வினாவுக்கு ஒரு டொலரும் பிசகாத விடை! அதற்குள் வழக்காளியே மாறிவிட்டார். வழக்கின் தொடக்கத்தில் ஹரிசனின் முகாமையாளராயிருந்து அவர் சார்பில் சமரசம் பேசிய அலன் கிளைன், அவரைவிட்டுப் பிரிந்தபின், 1978இல் அப்பாடலின் உரிமையை வழக்குரிமையோடு சேர்த்து 587,000 டொலருக்கு வாங்கியிருந்தார். தம் முன்னாட் கட்சிக்காரரிடமிருந்து அவர் இலாபமீட்டலாகாது என நீதிமன்று தடுத்து, வாங்கிய விலையை மட்டும் பெறுமாறு பணித்தது. 1983இல் மேன்முறையீட்டிலும் அம்முடிவு நிலைத்தது. மெட்டை ஆக்கிய மக் 1963லேயே இளம்வயதில் மறைந்துவிட்டார். படைப்பாளியைக் காப்பதற்கென எழுந்த சட்டத்தின் பேரால் இருவர் பொருதியபோது அவ்விருவரில் எவரும் அம்மெட்டைத் தம்முடைய உள்ளத்திலிருந்து ஆக்கியவரல்லர். இத்தீர்ப்பின் பின்னர் எழுத அமர்வதே தமக்குக் கடினமாயிற்றென ஹரிசன் கூறியிருக்கிறார்.

இதனைக் கொண்டு, மெட்டுக்கள் பொதுவுடைமையாயிருந்த காலத்தை ஏக்கத்தோடு நோக்கிப் பதிப்புரிமையை முற்றாகக் கண்டிப்பது எளிது. அது வரலாற்றுண்மைக்குப் பொருந்தாது. தென்னாபிரிக்கத் தொழிலாளியும் பாடகருமான சொலமன் லிண்டா 1939இல் ஜொகன்னஸ்பேர்க்கில் 'ம்பூபே' என்ற பாடலைப் பதிவுசெய்தார். உரிமைக்காக அவர் பெற்றது 10 சிலிங் எனப்படுகிறது. அமெரிக்காவில் அது ஆபிரிக்க நாட்டார் பாடலாகக் கருதப்பட்டு வேறு பெயர்களில் வெளியாகி, 1961இல் 'த லயன் ஸ்லீப்ஸ் ருநைற்' என முதலிடம் பெற்றது. மறு ஆண்டு லிண்டா வறுமையில் இறந்தார். அவரது பிள்ளைகளுக்கு உரிய பங்கு கிட்டுவதற்கான இணக்கம் 2006இலேயே ஏற்பட்டது. நாட்டார் என்ற சொல் இங்கு ஏழையின் உழைப்புக்கு விலை கொடாமலிருக்க உதவிற்று. பாரதி நந்தன் மெட்டை எடுத்தமையும் இதுவும் ஒன்றல்ல. அங்கு கொடுப்போரும் கொள்வோரும் ஒரே பொதுமையைப் பகிர்ந்தனர். இங்கோ ஒரு பக்கத்திற்கு மட்டுமே அது பொதுவாயிருந்தது, மறுபக்கத்தில் உடனேயே தனியுடைமையாயிற்று. லிண்டாவின் மெட்டால் இலாபமீட்டிய வெளியீட்டகங்களை எத்தகைய அச்சமும் வாட்டியதாகத் தெரியவில்லை. அச்சம் தன்னையறியாது நினைவுகூர்பவனுக்கே உரியதாயிற்று.

அண்மைக்கால வழக்குகள் இவ்வச்சத்தை மேலும் விரித்துள்ளன. மெட்டைவிட ஒரு பாடலின் ஒலிநடையும் தாளப்போக்குமே பெரிதும் சர்ச்சைக்குள்ளான 'பிளேட் லைன்ஸ்' வழக்கில், மார்வின் கேயின் குடும்பத்தினருக்கு 2015இல் யூரிமார் ஏறத்தாழ 74 இலட்சம் டொலர் வழங்கினர். தொகை பின்னர் குறைக்கப்பட்டபோதும் தீர்ப்பின் சாரம் 2018இல் உறுதியாயிற்று. 2020இல் டேமியன் ரீல், நோவா ரூபின் என்னும் இருவர், எட்டுச் சுரங்களைக்கொண்டு பன்னிரண்டு நீளத்தில் அமையக்கூடிய எல்லாத் தொடர்களையும், ஏறத்தாழ 6,870 கோடியை, கணினியால் ஆக்கிப் பதிந்து, அவற்றைப் பொதுவுடைமையென அறிவித்தனர். சுரச் சேர்க்கைகள் எல்லையற்றவை அல்ல என்பதைக் காட்டுவதே அவர்களது நோக்கம். இச்செயலால் எந்நீதிமன்றும் கட்டுப்படப்போவதில்லை. பொதுவுடைமையை மீட்கவும் முதலில் உடைமையாளனாக வேண்டியிருந்தது என்பதே அதில் நம்மைக் கவருவது.

2022இல் லண்டன் உயர்நீதிமன்று, எட் ஷீரனின் 'சேப் ஒவ் யூ' அறிந்தோ அடிமனவழியாகவோ பிறர் பாடலிலிருந்து பெறப்பட்டதன்று எனத் தீர்த்தது. வழக்கில் வென்ற அவர், தாம் பாடலாக்கும் ஒவ்வோர் அமர்வையும் முழுமையாக ஒளிப்பதிவு செய்து வைப்பதாகத் தெரிவித்தார். மெட்டுப் பிறக்கும் அறையில் இப்பொழுது, அது எங்கிருந்து வந்ததெனப் பின்னொரு நாள் நீதிபதிக்குச் சாட்சி சொல்ல ஒரு கமராவும் இருக்கிறது.