குமரிக்குத் தெற்கே: ஒரு கடலடித் திட்டின் வரலாறு

நெய்தல் திணைப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒன்று நம் கவனத்துக்கு வருகிறது. புன்னை நிழல், உப்பங்கழி, மீன் உணக்கும் மணற்பரப்பு, இரங்கும் தலைவி என அப்பாடல்களின் பார்வை பெரும்பாலும் கரையிலேயே நிற்கிறது. கடலுக்குள் சென்றவன் நீருக்கடியில் கிடக்கும் தரையை எவ்வாறு அறிந்தான் என்ற கேள்விக்கு அங்கே விடை தேடுவது கடினம். பிற்காலத்தில் துறைமுகங்களுக்கு வரலாறு எழுதினோம். கடல் வணிகத்துக்கு எழுதினோம். கடலடித் தரைக்கும் ஒரு வரலாறு உண்டா? உண்டு என்பதற்குக் குமரிமுனைக்குத் தெற்கே கிடக்கும் ஒரு திட்டு போதிய சான்று.

கடல் வரைபடங்களில் அதன் பெயர் 'வாட்ஜ் பேங்க்'. நம் நாளேடுகள் பெரும்பாலும் 'வெட்ஜ் பேங்க்' என்றே அச்சிடுகின்றன. கண்டத்திட்டின் பகுதியாகச் சில ஆயிரம் சதுர மைல் பரப்பில் விரிந்திருக்கும் இத்திட்டில் மணலும் சிப்பித்தூளும் பவளமும் பாறையும் கலந்து கிடக்கின்றன. இரு பருவக்காற்றுகளின் நீரோட்டங்களும் இவ்வழியே மாறி மாறிச் செல்கின்றன. கீழ்நீர் மேலெழும்போது சத்துகளும் உடன் வருகின்றன. அதனால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தேடி மீன்கள் கூடுகின்றன. கலவா, விளமீன், சங்கரா முதலிய தரைமீன்களுக்கு இது பெருவாழிடம்.

கடலடியில் உள்ள பாறைத்திட்டைத் தென்கடற்கரை மீனவர் 'பார்' என்பர். பாரைக் கண்ணால் காண இயலாது; கண்டுபிடிப்பதற்கு அவர்கள் கரையையே கருவியாக்கினர். மலைமுகடு ஒன்றும் கோயிற்கோபுரம் அல்லது தேவாலயக் கூர்முகடு ஒன்றும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும் வழியை ஒருவர் பிடித்துக்கொள்வார். வேறொரு திசையில் மற்றோர் இணை. இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே பார். தாளில் எழுதப்படாத இந்த வரைபடம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சொல்லாகவே கைமாறியது. திருவனந்தபுரத்துக் கரைகளில் இம்முறையைக் 'கணிச்சம்' என்று வழங்குகின்றனர்.

நண்பர்கள் சிலருடன் குமரி மாவட்டக் கரையொன்றிலிருந்து ஃபைபர் படகில் கைத்தூண்டில் போடச் சென்றபோது இவ்வறிவின் எஞ்சிய பகுதியை நாமும் கண்டோம். படகில் ஜிபிஎஸ் கருவி இருந்தது. ஆயினும் மூத்த மீனவர் மலையை ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகே எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் நூல் தளர்கிறது. சேறா, மணலா, கல்லா என்பதை விரல் வழியே சொல்லிவிடுகிறார். "கல்லு தட்டுது சாரே, ஒரு முழம் தூக்கிப் பிடியுங்க" என்றார். தூண்டில் கல்லிடுக்கில் சிக்காமல் இருப்பதற்கு அந்த ஒரு முழமே காப்பு. ஆழத்திலிருந்து மேலே வந்த கலவாவின் வயிறு வாய்வழியே பிதுங்கியிருந்தது. நீரின் அழுத்தம் குறையக் குறைய அதன் காற்றுப்பை விரிந்துவிடுவதே காரணம். ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன் என்ற கணக்கில் நடக்கும் தொழில் இது. பார் அப்படியே இருக்கும். நாளை வருபவனுக்கும் மீன் இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் அதே தரைக்கு வேறொரு கருவி வந்தது. 1920 முதல் 1923 வரை 'லில்லா' என்ற கப்பலைக்கொண்டு இலங்கை அரசு தன் தீவைச் சூழ்ந்த கடல்களை ஆராய்ந்தது. அதன்பின் அப்பதிற்றாண்டு முடிவதற்குள் கொழும்பிலிருந்து வணிக இழுவைக் கப்பல்கள் வாட்ஜ் திட்டுக்கு வரத்தொடங்கின. 1950களில், கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா அளித்த 'மேப்பிள் லீஃப்' கப்பலும் இதில் சேர்ந்தது. வடக்கே, கேரளத்தின் நீண்டகரையில், 1952ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்திய-நார்வே திட்டம் 1953இல் பணியைத் தொடங்கியது. மீனவர் வாழ்வை உயர்த்தும் நோக்குடன் தொடங்கிய அத்திட்டம், இறால் ஏற்றுமதியின் கவர்ச்சியில் இழுவைமடிப் படகுகளின் பெருக்கத்துக்கு வழிகோலியது.

தூண்டிலும் இழுவைமடியும் ஒரே தரையைத்தான் நாடுகின்றன. எனினும் இரண்டும் அதனை நடத்தும் விதம் வேறு. தூண்டில் தரையை அறிய விழைகிறது. இழுவைமடியோ கனத்த பலகைகளால் வாய் விரித்துத் தரையை வழித்துச் செல்கிறது. குஞ்சும் சிப்பியும் பாசியும் பிரிவின்றி அகப்படுகின்றன. கரடுமுரடான பார் மடியைக் கிழித்துவிடும் என்பதால் மீன்களுக்குச் சில காலம் அதுவே அரணாயிற்று. தமிழகக் கரையெங்கும் கட்டுமரத்தாருக்கும் விசைப்படகினருக்கும் மூண்ட மோதல்களின் பின்னணியில் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள நீர்ப்பரப்பைப் பாரம்பரிய மீனவருக்கு ஒதுக்கிய ஏற்பாடு அதன்வழி வந்தது. எனினும், பார்களில் பல அந்த மூன்று மைலுக்கு அப்பாலேயே உள்ளன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்விரு கருவிகளுக்குப் பின் எல்லைக்கோடு வந்தது. 1976 மார்ச் 23 அன்று இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவிலும் வங்கக்கடலிலும் எல்லை வகுத்தன. அதனையொட்டிய கடிதப் பரிமாற்றத்தில் வாட்ஜ் திட்டு இந்தியாவின் தனிப்பொருளாதார மண்டலத்துள் அடங்கும் என்று உறுதியாயிற்று. அம்மண்டலம் நிறுவப்படும் நாளிலிருந்து மூன்றாண்டுகள், ஆறு கப்பல்களுக்கு மேற்படாமல், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் இலங்கைக் கப்பல்கள் உரிமம் பெற்று மீன்பிடிக்கலாம் என்பது ஏற்பாடு. அதன்பின் ஐந்தாண்டுகள் ஆண்டுதோறும் 2,000 டன் மீனை ஒப்பிய விலையில் இலங்கைக்கு வழங்கவும் இந்தியா இசைந்தது. கச்சத்தீவைக் கொடுத்து இத்திட்டைப் பெற்றோம் என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். கச்சத்தீவை உள்ளடக்கிய ஒப்பந்தம் 1974இல் ஆனது. இது 1976இல் ஆனது. இரண்டும் தனித்தனி ஆவணங்கள். அவற்றை ஒரே பண்டமாற்றாகச் சுருக்குவது மேடைக்கு உதவலாம்; வரலாற்றுக்கு உதவாது.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அக்கடிதத்தில் கப்பல்களின் எண்ணிக்கை உண்டு, மீனின் எடை உண்டு. அந்த மூன்றாண்டுகளுக்குள் இந்தியா அங்கே பெட்ரோலியம் தேட முடிவு செய்தால் அப்பகுதிகளில் இலங்கைக் கப்பல்கள் மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும் என்ற விதியும் உண்டு. மலைமுகட்டையும் கோபுரத்தையும் சேர்த்துத் தரையைக் கண்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எரிபொருளைப் பற்றி 1976இல் எழுதிய அவ்வரி வெறும் முன்னெச்சரிக்கையாக நின்றுவிடவில்லை. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குமரிக்குத் தெற்கேயுள்ள ஆழ்கடல் வட்டாரங்களில் எண்ணெயும் எரிவாயுவும் தேட இந்திய அரசு ஏலம் கோரியது. குமரி மாவட்ட மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

ஒரு நாட்டுக்கு எரிபொருள் வேண்டும், மீனும் வேண்டும். எதைத் தேர்வது என்பது எளிய வழக்கன்று. ஆயின் வழக்கை விசாரிக்குமுன் சாட்சியைக் கேட்பது மரபு. கடலடித் தரையின் முதல் சாட்சி அதனைக் கையால் அறிந்த தூண்டில்காரர். ஜிபிஎஸ் வந்தபின் கரைக்குறிகளை மகனுக்குச் சொல்லும் தேவை தந்தைக்குக் குறைந்துவிட்டது. சொல்லாகவே வாழ்ந்த வரைபடம் சொல்பவரோடு மறையும். தமிழ் பயின்ற நமக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த மரபு நம்முடையது. அதே அக்கறையோடு குமரிக்கரையின் பார்ப்பெயர்களையும், அவற்றைக் காட்டும் கரைக்குறிகளையும் மூத்த மீனவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைப்போமாயின், நெய்தல் நூல்கள் எழுதாது விட்ட பகுதி நம் காலத்திலேனும் ஏடேறும்.